மழை பொய்த்தாலும் தவிப்பு, கொட்டினாலும் தவிப்பு: சந்தேகங்களும் விளக்கங்களும்

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்றின் இரு கரைகளிலும் வீடுகள் மூழ்கின. மறு ஆண்டு அதே டிசம்பரில் காவிரி டெல்டாவில் சம்பாப் பயிர் தண்ணீரின்றிக் கருகி நின்றது. 2018-ல் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2019 கோடையில் சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. எட்டே ஆண்டுகளில் ஒரே மாநிலம் கண்டவை இவை.

ஒவ்வொரு முறையும் டீக்கடையிலும் வயல் வரப்பிலும் கிராம சபையிலும் அதே கேள்விகள் எழுகின்றன. வறட்சியை அறிவிக்க ஏன் இத்தனை தாமதம்? ரெட் அலர்ட்டை நம்பலாமா? ஏரியைத் தூர்வாரினால் எல்லாம் சரியாகிவிடுமா? காப்பீட்டுப் பணம் ஏன் வரவில்லை? மக்கள் அடிக்கடி கேட்கும் இத்தகைய சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

மழை குறைந்தால் வறட்சிதானே? அதை முடிவுசெய்ய இத்தனை விதிகள் எதற்கு?

மழைக் குறைவு வறட்சியின் தொடக்கம் மட்டுமே. சராசரியைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதைப் ‘பற்றாக்குறை’ என்றும், 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ‘பெரும் பற்றாக்குறை’ என்றும் வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. ஆனால், மழை குறைந்த இரண்டு ஊர்களில் ஒன்று தாக்குப்பிடிக்கும், இன்னொன்று தவித்துப்போகும். கண்மாயில் முந்தைய ஆண்டின் தண்ணீர் இருக்கிறதா, கிணறு எத்தனை அடியில் இருக்கிறது, மண்ணில் ஈரம் எவ்வளவு, என்ன பயிர் நிற்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது அது.

இதனால்தான் 2016-ல் திருத்தப்பட்ட தேசிய வறட்சி மேலாண்மைக் கையேடு, மழை அளவை முதல் அடையாளமாக வைத்துவிட்டு, பயிர்ப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பசுமை, மண் ஈரம், நீர்நிலைகளின் இருப்பு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்கிறது. அதன் பிறகு 10 சதவீத கிராமங்களில் நேரடி ஆய்வு நடக்கும். அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உரியது. இந்த முறையில் துல்லியம் கூடியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியும் நாள்களைத் தின்கிறது. அதன் விலை என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு வருடம் வெள்ளம், மறு வருடம் வறட்சி. இது எப்படி?

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரி சுமார் 920 மி.மீ. அதில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்த மூன்று மாதங்களிலும் நாள்தோறும் பெய்வதில்லை. வங்கக் கடலில் உருவாகும் சில காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும்தான் மழையின் பெரும்பகுதியைக் கொண்டுவருகின்றன. அவற்றில் இரண்டு மூன்று நம் கரைக்கு வந்து தங்கினால் வெள்ளம். ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டால் வறட்சி.

2015-ல் வடகிழக்குப் பருவமழை சராசரியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெய்தது. 2016-ல் 62 சதவீதம் குறைந்தது. அதுபோன்ற குறைவைக் காண 140 ஆண்டுகள் பின்னோக்கி, தாது வருடப் பஞ்சம் தொடங்கிய 1876-க்குப் போக வேண்டும் என்று அப்போது பதிவானது. ஏற்ற இறக்கம் நம் பருவமழையின் இயல்பு. சராசரி மழையை மட்டும் நம்பிப் போடும் திட்டம் இங்கே எப்போதும் தோற்கும். மிகுந்த ஆண்டின் நீரைப் பிடித்துவைத்து, குறைந்த ஆண்டுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் நமக்குப் பொருந்தும் திட்டம். ஏரிகளையும் கண்மாய்களையும் வெட்டியவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

எல் நினோ வந்தால் நமக்கு வறட்சி உறுதிதானே?

அப்படிச் சொல்ல முடியாது. பசிபிக் கடலின் மத்திய, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவதே எல் நினோ. அது பெரும்பாலும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைப் பலவீனமாக்கும். ஆனால் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை பல எல் நினோ ஆண்டுகளில் நன்றாகவே பெய்திருக்கிறது. சென்னையை வெள்ளம் சூழ்ந்த 2015 வலுவான எல் நினோ ஆண்டு. மழை பொய்த்த 2016-ன் இறுதியில் பசிபிக்கில் இருந்ததோ அதற்கு நேர் எதிரான, லேசான லா நினா.

இதில் டெல்டா விவசாயிகள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. மேட்டூருக்கு வரும் தண்ணீர், குடகு உள்ளிட்ட காவிரியின் மேற்பகுதிகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைச் சார்ந்தது. 2023-ல் கர்நாடகத்தில் அந்த மழை பொய்த்தது, டெல்டாவில் குறுவை கருகியது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னையும், அடுத்த இரண்டு வாரங்களில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் மிதந்தன. ஒரே ஆண்டுக்குள், ஒரே மாநிலத்துக்குள் இரண்டும் நடந்தன.

எல்லாவற்றுக்கும் காரணம் பருவநிலை மாற்றம்தான் என்கிறார்களே?

பருவநிலை மாற்றம் உண்மை. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், அது ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாள்களில் சூடான காற்று மண்ணிலிருந்தும் குளங்களிலிருந்தும் ஈரத்தை வேகமாக உறிஞ்சுகிறது. கனமழையும் கடும் வறட்சியும் சேர்ந்தே அதிகமாவதன் காரணம் இதுதான்.

ஆனால் சேதத்தின் அளவைத் தீர்மானிப்பதில் நம் பங்கு பெரிது. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்திருந்தது. இன்று எஞ்சியிருப்பது அதில் சிறு பகுதி. தென்சென்னையின் மழைநீரைத் தாங்கிய அந்த நிலத்தின் மேல் சாலைகளும் கட்டடங்களும் குப்பைக் கிடங்கும் வந்துவிட்டன. இதற்கும் பருவநிலை மாற்றத்துக்கும் தொடர்பில்லை. உலக வெப்பத்தைக் குறைக்க உலகமே ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் ஓடையின் ஆக்கிரமிப்பை அகற்ற வட்டாட்சியர் அலுவலகம் ஒப்புக்கொண்டால் போதும்.

ரெட் அலர்ட் கொடுத்தார்கள், எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை. எதை நம்புவது?

மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்து வாருங்கள் என்று பொருள். ஆரஞ்சு, தயாராகுங்கள் என்பது. சிவப்பு, உடனே செயலில் இறங்குங்கள் என்பது. இந்த எச்சரிக்கை பெரும்பாலும் மாவட்டம் முழுமைக்குமானது. கனமழையோ சில கிலோமீட்டர் அகலமுள்ள மேகக் கூட்டத்திலிருந்து விழுவது. மாவட்டத்தின் ஒரு மூலையில் கொட்டும்போது மறு மூலையில் வெயில் அடிக்கலாம்.

எச்சரிக்கையின் இன்னொரு வரம்பையும் அறிந்துகொள்ள வேண்டும். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அது ‘அதிகனமழை’. அதற்கு மேல் வேறு நிறம் கிடையாது. 21 செ.மீ.க்கும் சிவப்புதான், காயல்பட்டினத்தின் 95 செ.மீ.க்கும் சிவப்புதான். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையை ஒரு நாளில் விஞ்சிய அளவு அது. எனவே சிவப்பு என்று கேட்டதும் குறைந்தபட்ச அளவைக் கணக்கில் கொண்டு அலட்சியமாக இருக்கக் கூடாது. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் கைபேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

முன்னெச்சரிக்கையால் உண்மையிலேயே உயிர்களைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். 1970-ல் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1972-ல் அந்த நாடு புயல் தயார்நிலைத் திட்டத்தைத் தொடங்கியது. கிராமந்தோறும் தொண்டர்கள், கைச் சைரன், மெகாபோன், கொடி, மேடான இடத்தில் புகலிடம். 2007-ல் கடும் சீற்றத்துடன் வந்த சிடர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய இழப்புதான். ஆனால் வீழ்ச்சி எவ்வளவு என்று பாருங்கள்.

ஒடிசாவில் 1999 பெரும் புயலுக்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். அதே ஆண்டிலேயே அந்த மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி ஆணையம் அமைத்தது. 2013-ல் பைலின் புயல் வருவதற்குள் பத்து லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். உயிரிழப்பு இரண்டு இலக்கத்தில் நின்றது. வங்கதேசமோ ஒடிசாவோ செல்வம் கொழிக்கும் இடங்களல்ல. வானிலை அலுவலகத்தில் தொடங்கிக் கடைசி வீட்டுக் கதவுவரை ஒரு சங்கிலியை அவர்கள் கட்டினார்கள், ஒவ்வொரு ஆண்டும் ஒத்திகை பார்த்தார்கள்.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2017-ல் ஒக்கி புயல் காட்டியது. பல நாள் மீன்பிடிப்புக்காக ஆழ்கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரவே இல்லை. கரையில் எத்தனை முறை அறிவித்தும் அவர்களுக்குப் பயனில்லாமல் போயிற்று.

உயிர் பிழைத்தால் போதுமா? பிழைப்பு போனால் என்ன செய்வது?

கஜாவுக்குப் பிறகு பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் கேட்ட கேள்வி இது. 2018 நவம்பர் 16 அதிகாலை அந்தப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தாழ்வான பகுதி மக்கள் முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டதால் பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. நெல் ஒரு போகம் போனால் மறு போகம் உண்டு. தென்னங்கன்று நட்டுக் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை நம்பி வாழும்? தேங்காய் உரித்தவர், மட்டை முடைந்தவர், கயிறு திரித்தவர் என்று தோப்பைச் சுற்றி வாழ்ந்தவர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான்.

தென்னைக்குத் தனிக் காப்பீடு, தோப்பில் ஊடுபயிர், ஒரே மரத்தை நம்பாத கலப்புத் தோட்டம் ஆகியவை இந்த இழப்பைக் குறைக்கும். எச்சரிக்கை உயிரைக் காக்கும். பிழைப்பைக் காக்கும் ஏற்பாட்டைப் புயல் வருவதற்கு ஆண்டுகள் முன்பே செய்திருக்க வேண்டும்.

புயலுக்கு இத்தனை முன்னேற்பாடு இருக்கிறது. வறட்சிக்கு ஏன் இல்லை?

நியாயமான கேள்வி. புயல் நமக்குத் தரும் அவகாசம் நான்கைந்து நாள்கள். வறட்சி மாதக்கணக்கில் அவகாசம் தருகிறது. ஒரு பருவத்தின் மழையை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் முன்கூட்டித் துல்லியமாகச் சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது. ஆனால் பருவத்தின் நடுவில், பெய்த மழையை அளந்து பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

2016-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குப் பதிலாக செப்டம்பர் 20-ல்தான் திறக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 30-ல் தாமதமாகத் தொடங்கியது. நவம்பர் முடியும்போதே கண்மாய்கள் காலியாக இருந்தன. நேரடி விதைப்பு செய்த வயல்களில் பயிர் முளைத்த நிலையிலேயே வாடியது. எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்ற அறிவிப்பு 2017 ஜனவரி 10-ல் வந்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், ஊரக வேலை 100 நாளிலிருந்து 150 நாள், நிலவரித் தள்ளுபடி எல்லாம் அதன் பிறகுதான். அதற்குள் மாடுகள் சந்தைக்குப் போயிருந்தன, நகைகள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. டெல்டாவில் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்ட, அதிர்ச்சியில் உயிர்விட்ட செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன.

தாமதம் தனிப்பட்ட யாருடைய மெத்தனம் என்பதைவிட, அமைப்பின் இயல்பாகவே இருக்கிறது. பயிர் இழப்பு 33 சதவீதத்தைத் தாண்டியதா என்று கணக்கெடுத்த பிறகே நிவாரணம் என்பது விதி. கணக்கெடுக்க வேண்டுமானால் பயிர் முதலில் கருக வேண்டும்! புயலில் வீடு இடிந்த பிறகுதான் மக்களை வெளியேற்றுவோம் என்று யாராவது சொல்வார்களா? வறட்சியில் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

மாற்று வழி கடினமானதல்ல. நவம்பர் 15-ல் மழை இந்த அளவுக்குக் கீழே, அணையிலும் கண்மாயிலும் இருப்பு இந்த அளவுக்குக் கீழே என்றால், எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் குறிப்பிட்ட வேலைகள் தாமாகத் தொடங்க வேண்டும். மாட்டுத் தீவனக் கிடங்கு திறப்பது, குடிநீருக்கென்று கண்மாய் நீரில் ஒரு பங்கை ஒதுக்குவது, மாற்றுப் பயிருக்கு உளுந்து, பயறு விதையை வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பு வைப்பது, ஊரக வேலையைக் கூட்டுவது, கூட்டுறவுக் கடன் தவணையைத் தள்ளிவைப்பது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வறட்சிக்கும் வட்டார அளவில் படிநிலைகள் வேண்டும், ஒவ்வொரு படிக்கும் யார் என்ன செய்வது என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஏரி, கண்மாய்களைத் தூர்வாரினால் வறட்சி தீர்ந்துவிடுமா?

தூர்வாருவது தேவைதான், அது மட்டும் போதாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40 ஆயிரம் ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றில் பல தனித்தனியானவை அல்ல. மேல் கண்மாய் நிறைந்ததும் கலிங்கு வழியாகத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று ஓடும் தொடர் அவை. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வரத்துக்கால் அடைபட்டிருக்க, கண்மாயை மட்டும் ஆழப்படுத்துவது குழாய் இணைப்பே இல்லாத தொட்டியைப் பெரிதாக்குவது போன்றது.

ஆகவே, வேலையின் வரிசை முக்கியம். முதலில் நீர்ப்பிடிப்புப் பகுதி, அடுத்து வரத்துக்கால், அதன் பிறகு கரை, மடை, கலிங்கு, கடைசியில்தான் உள்வாய் ஆழம். மடையின் மட்டத்துக்கும் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. நிலத்தடி நீருக்கும் கால்நடைக்கும் அது உதவும் என்பது வேறு விஷயம். எடுக்கும் வண்டல் வயலுக்குப் போனால் மண் வளம் கூடும். செங்கல் சூளைக்கு மட்டுமே போனால் தூர்வாரல் மண் வியாபாரமாகிவிடும்.

2017-ல் அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது. முற்காலத்தில் ஆயக்கட்டு விவசாயிகளே சேர்ந்து செய்த பராமரிப்பு முறைதான் குடிமராமத்து. அந்த முறையின் உயிர், ஆண்டுதோறும் தவறாமல் நடந்த வேலையிலும், மடையைத் திறந்து மூடி முறைவைத்துத் தண்ணீர் பகிர்ந்த நீர்ப்பாய்ச்சியிடமும் இருந்தது. ஒரு முறை ஒப்பந்தம் விட்டு முடித்துவிட்டால் நான்காம் ஆண்டில் புதர் மீண்டும் மண்டிவிடும். செலவைச் செய்த பிறகும் கண்மாயைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஓர் ஆள் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும், தண்ணீர் பயன்படுத்துவோர் சங்கம் பெயருக்கு இல்லாமல் உண்மையில் கூட வேண்டும்.

சீமைக்கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் மழை இல்லை என்கிறார்களே?

இதற்கு அறிவியல் சான்று இல்லை. ஒரு மரவகை மழையையே தடுத்துவிடும் அளவுக்குப் பருவமழை சிறியதல்ல. ஆனால் கண்மாய் உள்வாயிலும் வரத்துக்காலிலும் இந்த மரம் மண்டினால் நீரோட்டம் தடைபடுகிறது, வண்டல் சேர்கிறது, நாட்டு மரங்களும் புல்லும் வளர இடமில்லாமல் போகிறது. நீர்நிலைகளிலிருந்து இதை வேரோடு அகற்றுவது சரியான வேலை. அதே சமயம், வறட்சிக் காலத்தில் ராமநாதபுரத்தில் பல குடும்பங்களுக்குக் கரிமூட்டம் போட்டு அடுப்பெரிய வைப்பது இந்த மரம்தான். அகற்றும் இடத்தில் அவர்களுக்கு மாற்று வேலையும், வெட்டிய இடத்தில் நாட்டு மரக்கன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

செயற்கை மழையால் வறட்சியைப் போக்க முடியாதா?

மேகமே இல்லாத வானத்தில் மழையை உருவாக்க முடியாது. இருக்கும் மேகத்தில் உப்புத் துகள் அல்லது வெள்ளி அயோடைடு தூவி, மழையின் அளவைச் சற்றுக் கூட்டலாம் என்பதே இந்த நுட்பம். தமிழ்நாட்டில் 1980-களிலும் 1993-94-லும் இதைச் செய்து பார்த்தார்கள். மேகம் அருகிப்போகும் கடும் வறட்சியில்தான் இதன் தேவை அதிகம், அப்போதுதான் இதன் பயனும் குறைவு. இதற்குச் செலவிடும் பணம் கண்மாய்க் கரைக்குப் போனால் பலன் நிச்சயம்.

சென்னையில் 2015-ல் வெள்ளம், 2019-ல் தண்ணீர்ப் பஞ்சம். நகரம் என்ன தவறு செய்கிறது?

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 11 டி.எம்.சி. பெருமழை ஆண்டில் அதைப்போலப் பல மடங்கு நீர் கூவம், அடையாறு, கொசஸ்தலை வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவரப்பட்டது. ஒரு கோடிப் பேர் நெருங்கி வாழும் நகரத்துக்கு அது எம்மாத்திரம்?

2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் தமிழ்நாடு. அடுத்த சில ஆண்டுகளில் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததைச் சென்னைவாசிகள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு பல வீடுகளில் வடிகட்டும் குழி மண்மூடிப்போனது. ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரில், குழியிலுள்ள கூழாங்கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுவது அரைநாள் வேலை. நெம்மேலியில் உள்ளதைப் போன்ற, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நகரத்துக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் அந்தத் தண்ணீருக்கு மின்சாரச் செலவு அதிகம். வாசலில் விழும் மழைக்குச் செலவே இல்லை.

பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டினேன். என் வயல் காய்ந்தும் ஏன் இழப்பீடு வரவில்லை?

2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் விவசாயியின் பங்கு. மீதியை மத்திய, மாநில அரசுகள் செலுத்துகின்றன. ஆனால் வறட்சி இழப்பை ஒவ்வொரு வயலாகப் பார்ப்பதில்லை. கிராமமே கணக்கின் அலகு. அங்கே சில வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, குறிப்பிட்ட பரப்பில் அறுவடை செய்து எடை போடுகிறார்கள். இதுவே பயிர் அறுவடைப் பரிசோதனை. அந்தச் சராசரி, முந்தைய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் விளைச்சலை வைத்துக் கணக்கிட்ட அளவுக்குக் கீழே போனால்தான் இழப்பீடு. போர்வெல் உள்ள நான்கு வயல்கள் பரிசோதனைக்கு அமைந்துவிட்டால், மானாவாரியில் எல்லாம் இழந்தவருக்கும் கை விரிப்புதான்.

விவசாயிகள் செய்யக் கூடியவை சில உண்டு. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் சரியான சர்வே எண்ணும் பயிரும் இருக்கின்றனவா என்று பார்த்து, கடைசித் தேதிக்குக் காத்திராமல் பதிவுசெய்யுங்கள். அறுவடைப் பரிசோதனை எந்த வயலில், எந்த நாளில் என்று கேட்டு, நேரில் போய் நில்லுங்கள். பெரும்பாலான நிலத்தில் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்க வழி உண்டு என்பதையும் அறிந்துவையுங்கள்.

நிலமே இல்லாதவர்களுக்கு வறட்சி நிவாரணம் உண்டா?

நம் ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. பயிர் நிவாரணமும் காப்பீடும் பட்டாவையும் அடங்கலையும் தொடர்ந்து போகின்றன. டெல்டாவில் கோயில் நிலத்தையும் தனியார் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர்கள் ஏராளம். விதை, உரம், கூலி எல்லாம் அவர்கள் கையிலிருந்து போனவை. நிவாரணம் பல நேரங்களில் நில உரிமையாளர் கணக்குக்குப் போகிறது. குத்தகையைப் பதிவுசெய்ய 1969-லேயே சட்டம் வந்தும், பதிவானால் நிலத்தை மீட்க முடியாதோ என்ற உரிமையாளரின் அச்சத்தால் பெரும்பாலான குத்தகை காகிதத்தில் ஏறுவதில்லை. உழவு செய்பவர் யார் என்பதைக் கிராம சபையில் வைத்து உறுதிசெய்து, அந்தப் பருவத்துக்கு மட்டும் செல்லும் சான்று கொடுத்தால் உரிமையாளரின் அச்சமும் தீரும், உழைத்தவருக்கும் பணம் சேரும்.

நடவும் களையெடுப்பும் இல்லாமல் போன பெண்களின் கூலியைக் கணக்கெடுக்க எந்தப் படிவமும் இல்லை. பயிர் இழப்பு என்று ஓர் ஏக்கரைக் குறிக்கும் இடத்தில், அந்த ஏக்கரில் கிடைத்திருக்க வேண்டிய வேலை நாள்களும் குறிக்கப்பட வேண்டும். ஆடு மேய்ப்பவர், வாத்து மேய்ப்பவர், கிடை போடுபவர் ஆகியோரும் வறட்சியில் முதலில் அடிபடுபவர்கள். குடிநீருக்காகக் குடத்துடன் நடப்பதில் போகும் பொழுது பெரும்பாலும் பெண்களுடையது, பள்ளிக்குப் போக வேண்டிய சிறுமிகளுடையது. வறட்சியை மழைமானி மட்டும் அளந்தால் இவர்கள் யாரும் அதில் தெரிய மாட்டார்கள்.

சாகுபடியில் விவசாயி என்ன மாற்றம் செய்யலாம்?

எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே ஆலோசனை கிடையாது. வெள்ளம் தேங்கும் டெல்டாத் தாழ்வயலுக்கு, இரண்டு வாரம்வரை நீரில் மூழ்கியும் தாங்கக் கூடிய சப்-1 மரபணு சேர்த்த நெல் வகைகள் வந்துவிட்டன. சி.ஆர். 1009 சப்-1 நம் விவசாயிகள் அறிந்த ஒன்று. தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் நாற்றங்கால் விடாமல் நேரடியாக விதைப்பது நீரையும் நாளையும் மிச்சப்படுத்தும். ராமநாதபுரத்தில் புழுதி விதைப்பு காலங்காலமாக இருப்பதுதான். மானாவாரி நிலத்துக்குக் கம்பு, சோளம், குதிரைவாலி, துவரை ஏற்றவை. இவற்றுக்கு நெல்லைப் போல நேரடிக் கொள்முதல் இருந்தால்தான் விவசாயி துணிவார். விற்க வழி சொல்லாமல் பயிரை மாற்றச் சொல்வது, இடரை விவசாயியின் தலையிலேயே கட்டுவதாகும்.

வெயிலும் பேரிடர் கணக்கில் சேருமா?

சேரும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பம் என்று மருத்துவர் பதிவுசெய்தால்தான் அது கிடைக்கும். கட்டட வேலை, செங்கல் சூளை, உப்பளம், தெருவோர வியாபாரம் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு நண்பகல் ஓய்வும் நிழலும் குடிநீரும் கொடுப்பது நிவாரணத்தைவிட முந்தி வர வேண்டும்.

முன்கூட்டியே இதையெல்லாம் செய்யப் பணம் இருக்கிறதா?

வழி இருக்கிறது. 15-வது நிதி ஆணையம், பேரிடர் நிதியில் 80 சதவீதத்தை மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 20 சதவீதத்தைப் பாதிப்பு வராமல் தணிப்பதற்கும் என்று பிரித்தது. அதுவரை வந்தபின் கொடுப்பதற்கே நிதி ஏற்பாடு இருந்தது, வருமுன் காக்கத் தனிப்பங்கு இல்லை. இந்தப் பங்கு எந்த ஊரில், எந்த வரத்துக்காலில் செலவானது என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டத்தில் கண்மாய், வரத்துக்கால் நிலையைப் பார்வையிட்டுத் தீர்மானம் போடுங்கள். கோடை முடிவதற்குள் வேலை முடிந்ததா என்று ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கேளுங்கள். நவம்பர் 1 கூட்டத்தில் பெய்த மழையையும் கண்மாய் இருப்பையும் அளந்து எழுதுங்கள். இருப்பு குறைவாக இருந்தால், குடிநீரையும் தீவனத்தையும் ஊரக வேலையையும் அன்றே கேட்டு ஆட்சியருக்குத் தீர்மானத்தை அனுப்புங்கள்.

புயல் நேரத்தில் கடைசி வீட்டுக்கும் ஆள் அனுப்பி அழைத்துவரும் நிர்வாகம் நம்மிடம் இருக்கிறது. அந்த நிர்வாகம் வறட்சியிலும் நவம்பரிலேயே வீடு தேடி வரட்டும். பயிர் கருகிய பின் ஜனவரியில் வரும் காசோலையைவிட, மாடு விற்கப்படும் முன் வரும் ஒரு கட்டு வைக்கோலுக்கு மதிப்பு அதிகம்.